பரீட்சைக் கட்டில்

எத்தனை வருஷமா இருக்கு என்று கேட்கிறாள் இந்தப் பெண். எது எத்தனை வருஷமா என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் எனக்கு ஒன்றுக்கு மேல் நோய் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும், துப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், துப்புக் கொடுக்கக் கூடாது என்பதுதான் இங்கே முதல் சட்டம். நோயின் பெயரைச் சொல்லக் கூடாது, மாத்திரையின் பெயரைச் சொல்லக் கூடாது, எந்த டாக்டரிடம் காட்டுகிறேன் என்பதைக்கூடச் சொல்லக் கூடாது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். காலையில் வந்து உட்கார்ந்ததுமே வார்டு சிஸ்டர் என் ஃபைலை வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். இருபத்தோரு வருஷத்து ஃபைல், நாடா போட்டுக் கட்டியது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கைக்குழந்தை மாதிரி மடியிலேயே இருப்பது. இப்போது மடி காலியாக இருக்கிறது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் இவள் தானே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் இவளுடைய பரீட்சை. டாக்டருக்குப் படித்து முடித்து அதற்கு மேலும் எம்.டி. படிக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் சித்திரை வெயிலில் நடக்கிற பரீட்சை. எங்களை மாதிரி லேசில் அகப்படாத நோய்க்காரர்களைத் தேடிப் பிடித்து வரவழைத்துக் கட்டிலுக்கு ஒருவராக உட்கார வைப்பார்கள். ஒரு டாக்டருக்கு ஒரு கேஸ், ஒரு மணி நேரம். கேட்டு, தட்டி, அமுக்கி, என்ன நோய் என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகு பெரிய டாக்டர்கள் கட்டிலருகே வந்து அவர்களைக் கேள்வி கேட்டுக் குடைந்து எடுப்பார்கள். நான் ஏழாவது கட்டில். சுற்றிலும் பச்சைத் திரை. இவளுடைய வெள்ளைக் கோட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி ஒரு நம்பர் எழுதியிருக்கிறது. உங்க பேரு என்னம்மா என்று வந்ததுமே கேட்டேன். "சொல்லக்கூடாதுங்கம்மா" என்றாள். சரி, அவளுக்கும் சட்டம் இருக்கிறது.

"இருவத்தோரு வருஷமாச்சும்மா" என்கிறேன். "முதல்ல வெரல்லதான் ஆரம்பிச்சுது." குனிந்து எழுதிக்கொள்கிறாள். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும், ஒரு மாதமாகச் சமையற்கட்டில் நின்றுகொண்டு சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் பார்த்தால் சிரிப்பார்கள், பார்க்கத்தான் ஆள் இல்லையே. பாளையங்கோட்டையில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, கம்ப்யூட்டருக்காக ஏசி வந்தது, ஏசி வந்த மறுநாள் என் விரல் பத்தும் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிற்று. அப்புறம் நீலம். வெயிலில் போய் நின்றால் சிவப்பு. முதலில் எல்லாருக்கும் காட்டி விளையாடினேன். இருபத்து மூன்று வயது, எதைக் காட்டுவது எதை மறைப்பது என்று தெரியாத வயது. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரம் விரல் கணுவைத் தாண்டி இறங்கவில்லை. அளவு கொடுத்துச் செய்த மோதிரம், இரண்டே மாதத்தில் விரல் வீங்கித் தோல் இறுகியிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தார்கள், எண்ணெய் தடவிப் பார்த்தார்கள், கூடத்தில் அத்தனை பேரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு "பெறவு பாத்துக்கிடலாம்" என்றார். அந்தப் பெறவு வரவே இல்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இவள் கேட்பது, "குளிர்ல விரல் கலர் மாறுதுங்களாம்மா? வலிக்குமா? நுனியில புண்ணு வந்திருக்கா?" மாறும், வலிக்கும், ரெண்டு தடவை வந்திருக்கு. எழுதிக்கொள்கிறாள். மோதிரத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு டாக்டர்கள் மூன்று பேர். தோல் இறுகுவதற்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி சுண்டிப்போனதற்கு ஒருவர், தசை சோர்ந்து சோர்ந்து விழுவதற்கு ஒருவர். ஒரே வளவில் மூன்று குடித்தனம், ஒரே குழாயடி, தினமும் சண்டை. ஒருவர் கொடுக்கிற மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது. இவர் கூட்டு என்பார், அவர் குறை என்பார், மூன்றாமவர் ஃபைலைப் புரட்டிவிட்டு "இது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்பார். ஆளுக்கு இரண்டு நிமிஷம். கையைக் காட்டு, பிரஷர் பார், எழுதிக் கொடு, அடுத்தது யாரு. என் வாய் சிறுத்துப் போய்விட்டது, முழு இட்லியைப் பிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டும், பாதி சாப்பாட்டில் தாடை ஓய்ந்துவிடும், மென்றுகொண்டிருக்கும்போதே நின்றுவிடும், அப்போது இடது கையால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல வேண்டும். அதனாலேயே யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவதில்லை. சுரப்பி சுண்டியதிலிருந்து உப்பின் மேல் அப்படி ஓர் ஆசை, கைப்பையில் சின்ன டப்பியில் கல்லுப்பு வைத்திருக்கிறேன், பஸ்ஸில் யாரும் பார்க்காதபோது ஒரு கல்லை நாக்கில் போட்டுக்கொள்வேன். உள்ளங்கை ரேகையெல்லாம் கறுத்துவிட்டது. முகத்தில் மட்டும் சுருக்கமே கிடையாது, தோல் இறுகி மினுமினு என்று இருக்கும், கோபம் வந்தாலும் நெற்றி சுருங்காது. எதிர் வீட்டுக்காரி "ஒனக்கு மட்டும் வயசே ஆகலியே, என்ன கிரீம் போடுத?" என்று கேட்டாள். நிஜமாகத்தான் கேட்டாள். எந்த இடத்திலிருந்து ஆரம்பித்து அவளுக்குச் சொல்வது. ஆரம்பத்திலிருந்து சொல்லு என்று யாரும் சொல்வதில்லை. வருஷத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், இந்தத் திரைக்குள் மட்டும் ஒரு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து "மொதல்ல என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்கிறார். கையைத் தொட்டுப் பார்க்கிறார். ஒவ்வொரு விரலாக. இதற்காகத்தான் நான் வருகிறேன். சங்கரபாண்டியன் டாக்டர் இந்தப் பரீட்சையை நடத்துகிறவர், பங்குனி முடியும்போது அவரே போன் பண்ணுவார். "வடிவு, ஒன்ன மாதிரி ஒரு கேஸு தெக்க எங்கயுமே கெடையாதும்மா, வந்துரு" என்பார். அதில் ஒரு பெருமைகூட எனக்கு. அசடு என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். இந்த வருஷமும் கேட்டார், "ஒடம்பு எப்படி இருக்கு? புதுசா ஏதும் தொந்தரவு உண்டா? உண்டுன்னா வரவேண்டாம், நிதானமா இருக்கவங்களத்தான் பரீட்சைக்கு வச்சுக்கிடுவோம், தெரியும்லா?" நல்லாருக்கேன் சார் என்றேன். ஒண்ணுமில்ல சார் என்றேன். பொய். மூன்று வாரமாக என்னால் மல்லாந்து படுக்க முடியவில்லை.

படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி, இல்லை, யாரும் உட்காரவில்லை, அதுதான் பயம், எதுவும் அமுக்கவில்லை, ஆனாலும் காற்று பாதி வழியில் நின்றுவிடுகிறது. முதலில் இரண்டு தலையணை, அப்புறம் மூன்று, இப்போது சுவரோரமாக நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்து தூங்குகிறேன். இது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் மூச்சு நின்றுபோய் ஐசியூவில் கிடந்து எழுந்து வந்தபோது தசை டாக்டர் சொல்லி அனுப்பினார், தினமும் காலையில ஒரே மூச்சுல எண்ணிப் பாருங்க, வினாடிக்கு ஒண்ணு, முப்பது வந்தா நிம்மதியா இருங்க, இருவதுக்குக் கீழ போனா என்னை வந்து பாருங்க, பதினஞ்சுக்குக் கீழ போனா யோசிக்காதீங்க, ஓடி வாங்க. ஆறு வருஷமாக எண்ணுகிறேன். பல் துலக்கிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணுவது, சாமி கும்பிடுவது மாதிரி பழகிவிட்டது. மாசியில் முப்பத்திரண்டு. பங்குனி ஆரம்பத்தில் இருபத்தெட்டு. அப்புறம் இருபத்து மூன்று, இருபத்தொன்று. இருபதுக்குக் கீழே போன அன்றிலிருந்து வேகமாக எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணுரெண்டுமூணுநாலு என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கடகடவென்று சொன்னால் அதே மூச்சில் இருபத்தாறு வரும். பாரு, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். யாரை ஏமாற்றுகிறேன், ஜன்னலையா. நேற்று நிதானமாக எண்ணிப் பார்த்தேன், பதினாறு. இன்று காலையில் எண்ணவே இல்லை.

"கண்ணு மேல பாத்துட்டே இருங்கம்மா, என் விரலையே பாருங்க, சிமிட்டாதீங்க." விரலை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். பார்க்கிறேன். பத்து வினாடி, இருபது. இமை கனக்கிறது, இடது இமை முதலில், கடைக் கதவை இழுத்துச் சாத்துவது மாதிரி மெல்ல இறங்குகிறது, விரல் ஒன்று இரண்டாகிறது. இவள் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். கண்டுபிடித்துவிட்டாள். வந்ததிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறாள், பல் வரிசை அழகாக இருக்கிறது, வேகவேகமாக எழுதுகிறாள். இமை இப்படி இறங்கியது என் வேலைதான். போன வருஷம் வந்த டாக்டருக்கு இது கிடைக்கவில்லை. எட்டு மணி மாத்திரையை நான் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன், இமை இறங்கவே இல்லை, அவர் எவ்வளவு நேரம் விரலைத் தூக்கிப் பிடித்தும் நான் பளிச்சென்று விழித்துக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டர்கள் வந்து அவரை என் கட்டிலருகிலேயே காய்ச்சி எடுத்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். அது எனக்கு வருஷம் முழுக்க உறுத்தியது. நான் நல்ல கேஸாக இல்லாமல் போய்விட்டேன். அதனால் இன்று காலை மாத்திரையைப் போடவில்லை. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். கைப்பையில் உப்பு டப்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இமைக்கு மட்டும் சோர்வு வரும், கீழே இறங்காது என்று எப்படி நினைத்தேன். இமையைத் தூக்குகிற அதே மாத்திரைதான் தொண்டையையும் நெஞ்சையும் தூக்குகிறது. ஆறு வருஷம் இதையே படித்தவள் நான், தெரியாது என்று சொல்ல முடியாது. மாத்திரையைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கலாம். கேட்டால் என்ன மாத்திரை என்பாள். அது துப்பு. எச்சிலை விழுங்கப் பார்க்கிறேன், பாதி இறங்கி நிற்கிறது. பேச்சு மூக்கு வழியாக வர ஆரம்பித்துவிட்டது, எனக்கே கேட்கிறது. இவள் அதையும் எழுதிக்கொள்கிறாள். குரலில் மாற்றம். எழுதிக்கொள்ளட்டும், அவளுக்கு மார்க். நான் பயப்படுகிறேன் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவாள்.

சொல்லிவிடலாம். இந்தப் பெண்ணிடம் ஒரு வரி, மூச்சு முட்டுதும்மா என்று. இவள் பெரிய டாக்டரைக் கூப்பிடுவாள். அவர் முதலில் பரீட்சையை நிறுத்துவார், அடுத்து ஐசியூ என்பார், அடுத்து டியூப். டியூப் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். போன தடவை பத்தொன்பது நாள் வாயில் குழாய், கையைக் கட்டில் கம்பியோடு துணி போட்டுக் கட்டியிருந்தார்கள், பிடுங்கிவிடுவேனாம். பேச முடியாது. இமையும் இறங்கியே இருந்ததால் எல்லாரும் நான் தூங்குகிறேன் என்றுதான் நினைத்தார்கள். நான் தூங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. என் அக்கா உலகம்மைதான் கூட இருந்தாள், ஐசியூ வாசலில் பாயை விரித்துப் பத்தொன்பது நாளும், அப்புறம் வார்டில் பதினோரு நாளும். இங்கே கூட ஆள் வேண்டும். ரத்தம் எடுத்த குப்பியை லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓட, கையெழுத்துப் போட, இரண்டாவது மாடிக்கும் மருந்துக் கடைக்கும் நடையாய் நடக்க. அக்காவுக்குக் கால் வீங்கி வழுவழு என்று இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் பத்து நிமிஷம் உள்ளே விடுகிற நேரத்தில் என் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் மகளிடம் பேசினாள். "இன்னொரு தடவ இப்படி வந்தா என்னால ஆகாது, கேட்டியா. பாக்க முடியலட்டி. கஷ்டப்படாமப் போயிட்டாக்கூடத் தேவல." போனை வைத்துவிட்டு ஈரத் துணியால் என் வாயோரத்தைத் துடைத்தாள். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பதமாக. அந்தச் சொல்லும் அவளுடையதுதான், அந்தக் கையும் அவளுடையதுதான். ஒரு வருஷம் எனக்கு அவள் மேல் ஆத்திரமாக இருந்தது. அப்புறம் ஆத்திரம் போய்விட்டது, அந்தச் சொல் மட்டும் போகவில்லை. இப்போது மகளோடு ஓசூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். நல்லாருக்கியாட்டி? நல்லாருக்கேங்க்கா. மாத்திரை போட்டியா? போட்டேங்க்கா. போன ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் பேசினேன், வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்கியது, அடுப்பில் பாலிருக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் இல்லை. அவள் ஓடி வருவாள் என்பது எனக்குத் தெரியும், சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள், அந்த வீங்கின காலோடு. வந்து பாயை விரிப்பாள். மனதுக்குள் என்ன நினைப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எப்படிக் கூப்பிடுவது. அன்றைக்குக் காதும் அடைத்துப்போயிருந்தால் இன்றைக்கு நான் ஒரு போன் பண்ணியிருப்பேன்.

"படுங்கம்மா, வயிறு பாக்கணும்." வந்துவிட்டது. "ஒரு தலகாணி வச்சுக்கிடட்டுமாம்மா?" என்று கேட்கிறேன், சிரித்துக்கொண்டுதான் கேட்கிறேன், என் முகத்தில் சிரிப்புக்கும் சிரிக்காமல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. "மட்டமாப் படுத்தாத்தான் பாக்க முடியும்ங்க, ரெண்டே நிமிஷம்." இரண்டு நிமிஷம். படுக்கிறேன். மேலே மின்விசிறி சுற்றுகிறது, இவ்வளவு காற்று இருக்கிறது, அத்தனையும் வெளியே இருக்கிறது. இவள் வயிற்றில் கை வைக்கிறாள், சில்லென்ற கை, பரீட்சைப் பயத்தில் சில்லிட்ட கை. வலது பக்கம் அமுக்குகிறாள், இடது பக்கம் அமுக்குகிறாள், விரலை வைத்து விரலால் தட்டுகிறாள். மூச்சை நல்லா இழுத்து விடுங்கம்மா. இழுக்கிறேன், வரவில்லை, இழுக்கிற மாதிரி காட்டுகிறேன், தோளைத் தூக்குகிறேன், கழுத்து நரம்பெல்லாம் சேர்ந்து இழுக்கிறது. இவள் வயிற்றைப் பார்க்கிறாள். வயிற்றைப் பார், பெண்ணே, மூச்சு இழுக்கும்போது வயிறு மேலே வர வேண்டும், என் வயிறு உள்ளே போகிறது, புத்தகத்தில் போட்டிருக்குமே, பார். இல்லை, பார்க்காதே. மண்ணீரலைத் தேடு, அதைத் தேடி முடித்துவிட்டு என்னை எழுந்திருக்க விடு. இவள் கண் அடிக்கடி கைக்கடிகாரத்துக்குப் போகிறது. நான் வருஷம் பூராவும் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் இவள் நாற்பது நிமிஷமாக என்னைப் பார்க்கவே இல்லை. விரலைப் பார்த்தாள், இமையைப் பார்த்தாள், வயிற்றைப் பார்க்கிறாள். இவளைக் குறை சொல்ல முடியாது, மூன்று வருஷப் படிப்பு இந்த ஒரு கட்டிலில் தொங்குகிறது. ஆனாலும் கோபம் வருகிறது, மூச்சில்லாத நேரத்தில் கோபம் வேறு. இருமல் வந்த மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். காற்று கொஞ்சம் உள்ளே வருகிறது. காதுக்குள் இடிக்கிறது. "தண்ணி வேணுங்களா?" வேண்டாம் என்று தலையாட்டுகிறேன், தண்ணீர் இறங்காது, புரையேறிவிடும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

வெளியே யாரோ மணி அடிக்கிறார்கள், இன்னும் பத்து நிமிஷம் என்று அர்த்தம். இவள் அவசர அவசரமாகத் தாளைப் புரட்டுகிறாள், எதையோ விட்டுவிட்ட முகம், பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வருகிறாள், ஓரிடத்தில் பேனா நின்றுவிடுகிறது. "அம்மா, ஒண்ணே ஒண்ணு. மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுங்க." இதற்கு நான் தயாராகத்தான் வந்திருக்கிறேன். ஒண்ணுரெண்டுமூணுநாலஞ்சு. நாக்கு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இவள் இருபது என்று எழுதுவாள், பாதிப்பு இல்லை என்று எழுதுவாள், மணி அடிக்கும், எனக்கு ஃபைல் கிடைக்கும், மாத்திரையை விழுங்கிவிட்டு வெளியே வேப்பமர நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். "அப்படி இல்லீங்கம்மா, மெதுவா." கையை நீட்டி என் தோளில் வைக்கிறாள். முதல் தடவையாக நோய் இல்லாத ஓர் இடத்தில் தொடுகிறாள். "நானும் கூட எண்ணறேன், என்கூடயே சொல்லுங்க. ம், இழுங்க." ஒண்ணு என்கிறாள், ஒண்ணு என்கிறேன். ரெண்டு. அவள் கண்ணைப் பார்க்கிறேன், அவளும் என்னைத்தான் பார்க்கிறாள், கடிகாரத்தை அல்ல. மூணு. வேகமாகப் போக முடியாது, அவளுடைய குரல் பிடித்து நிறுத்துகிறது. நாலு. எத்தனை வருஷமாயிற்று இன்னொருத்தரோடு சேர்ந்து ஒரு சொல்லைச் சொல்லி, பள்ளிக்கூடப் பிரேயரில் சொன்னது. அஞ்சு. வாயை மட்டும் அசைத்துச் சத்தம் வராமல் ஏமாற்றலாமா. ஆறு. இவ்வளவு பக்கத்தில் முகம் இருக்கிறது, முடியாது. ஏழு. குரல் மூக்கில் ஏறிவிட்டது. எட்டு. அக்கா, நீ வரவேண்டாம். ஒம்பது. உதடு அசைகிறது, ஒன்றும் இல்லை. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு என்று அவள் குரல் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது, பதிமூணு என்று சொல்லிவிட்டுத்தான் தான் மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிகிறது.

கையை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை" என்கிறாள், குரல் மாறிவிட்டது. நான் தலையாட்டுகிறேன், வேண்டாம். "ராத்திரி படுக்க முடியுதுங்களா?" இது அவள் தாளில் இருக்கிற கேள்வியா இல்லையா, தெரியவில்லை. "முடியலம்மா" என்கிறேன். "மூணு வாரமா. உக்காந்துதான் தூங்குதேன். காலைல மாத்திரையும் போடல, பையில இருக்கு." சொன்னதும் எனக்கு அழுகை வருகிறது, அழுவதற்கும் மூச்சு வேண்டியிருக்கிறது. அவள் தாளைப் பார்க்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், ஒரு வினாடிதான், அந்த ஒரு வினாடியை நான் பார்த்துவிட்டேன், மன்னித்தும்விட்டேன். திரையைத் தள்ளிக்கொண்டு "சார்!" என்று கத்துகிறாள், பரீட்சை ஹாலில் யாரும் போடாத சத்தம். சங்கரபாண்டியன் டாக்டர் ஓடி வருகிறார், பின்னால் இரண்டு பேர். ஒரு பார்வை. "என்ன வடிவு, போன்ல நல்லாருக்கேன்னு சொன்னியேம்மா" என்கிறார், திட்டவில்லை, அவருக்கே வலித்த மாதிரி சொல்கிறார். ஆக்ஸிஜன், ஐசியூவுக்குச் சொல்லு, டிராலி எங்க. என் கைப்பையை யாரோ கவிழ்க்கிறார்கள், மாத்திரையோடு உப்பு டப்பியும் மெத்தையில் விழுகிறது. கூட வந்தவர்களில் ஒருவர் அந்தப் பெண்ணிடம் ஒம்பதாவது கட்டிலுக்குப் போம்மா, புதுசா ஒரு மணி நேரம் தர்றோம் என்கிறார். அவள் அசையாமல் நிற்கிறாள். "போ, நேரம் ஓடுது." என்னைப் பார்க்கிறாள். போங்க என்று கையால் காட்டுகிறேன். சுத்தியலையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, எழுதிய தாளைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போகிறாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்டில் தள்ளி அவள் குரல் கேட்கிறது, மொதல்ல என்ன ஆச்சு, சொல்லுங்க. முகத்தில் முகமூடி வந்து உட்காருகிறது. வார்டு சிஸ்டர் ஃபைலோடும் ஒரு ஃபாரத்தோடும் வந்து நிற்கிறாள். பேர், அருணாசலவடிவு, வயசு நாப்பத்து நாலு, அதெல்லாம் ஃபைலைப் பார்த்தே எழுதிக்கொள்கிறாள். அப்புறம் பேனாவை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிகிறாள். "கூட யாரு வந்திருக்கா?" முகமூடியை ஒரு விரலால் தூக்கிக்கொள்கிறேன். யாரும் வரல என்கிறேன். வீட்லயும் யாரும் இல்ல. நான் மட்டுந்தான். இதைச் சொல்லி முடிக்க எனக்கு மூன்று மூச்சு ஆகிறது.